குதிகால் அம்மா

அவள் வருகிறாள் என்று தெரிந்தால், முதியோர் இல்லங்களில் முதலில் கவனிப்பது கால்களைத்தான். முகம் கழுவிவிடுவது, தலை வாருவது, ஜன்னல் திறப்பது எல்லாம் அப்புறம். வேறு அதிகாரிகள் வந்தால் சமையலறையைத் தேய்ப்பார்கள், கழிப்பறையில் வாசனைத் தண்ணீர் தெளிப்பார்கள், வாசலில் பூந்தொட்டி வைப்பார்கள். இவளிடம் அந்தப் பாச்சா பலிக்காது. அறைக்குள் நுழைவாள், தோளில் மாட்டிய பையைக்கூட இறக்க மாட்டாள், நேராகக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையைத் தூக்குவாள். படுத்திருப்பவரின் இரண்டு குதிகால்களையும் கையில் ஏந்திப் பார்ப்பாள். சிவந்திருக்கிறதா, கன்றியிருக்கிறதா, விரலால் அழுத்தினால் நிறம் திரும்புகிறதா என்று பார்த்து முடித்த பிறகுதான் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்வாள்.

ஆயாக்கள் அவளுக்கு வைத்த பெயர் குதிகால் அம்மா. அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. வெளியே முகத்தைச் சுளித்தாலும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போயிருந்தாள். முதியோர் இல்லங்களுக்குத் தர மதிப்பெண் போடும் அரசு அலுவலகத்தில் அவளைப் போலக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர் யாரும் இல்லை. கை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம். ஒரு காபி கொடுத்து அவளை மடக்கிவிடலாம் என்று நினைத்த நிர்வாகிகள் அந்தக் காபியைத் தாங்களே குடித்துவிட்டு வேறு தொழில் பார்க்கப் போயிருக்கிறார்கள்.

குதிகால் அவளுக்கு எப்படி வாய்த்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இல்லத்துக்குப் போயிருந்தாள். தரை பளபளவென்று இருந்தது. படுத்திருந்தவர்களுக்குச் சலவை மணக்கும் போர்வை. அங்கே ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் நல்ல கலகலப்பாகப் பேசிச் சிரித்தார். எல்லாம் சரி என்று முடிவு செய்து திரும்பும்போது அவள் பையின் வார் போர்வையில் மாட்டி, போர்வை கொஞ்சம் இழுபட்டது. டிரைவரின் இரண்டு குதிகால்களும் கரிக்கட்டையாக இருந்தன. சர்க்கரை வியாதி, அவருக்கு வலியே தெரிந்திருக்கவில்லை. போர்வை விலகிய பிறகும் அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். அந்தச் சிரிப்பை அவள் பல வருஷம் சுமந்தாள்.

அன்றிலிருந்து அவள் வேதவாக்கு ஒன்றுதான். ஒருவரை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை முகம் சொல்லாது, குதிகால் சொல்லும். பயிற்சி வகுப்புகளில் ஆயாக்களுக்கும் நர்ஸ்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தாள். "குதிகாலைக் காட்டுங்க, உங்க இல்லத்தோட லட்சணத்தைச் சொல்றேன்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், எழுதிக்கொள்வார்கள். பிறகு அலுவலகமே அதைச் சுற்றறிக்கையாக அனுப்பியது. குதிகாலுக்குத் தனி மதிப்பெண் வந்தது. அவள் ஆரம்பித்த காலத்தில் அது நியாயமான பேச்சுதான். அப்போது யாரும் குதிகாலைப் பார்த்ததில்லை. யாரும் பார்க்காத இடமாக அது இருந்தவரைக்கும் உண்மையைச் சொன்னது.

இந்தப் பெருமையெல்லாம் செல்லுபடியாகாத ஒரே இடம் அவள் வீடு. அங்கே அக்கா இருந்தாள். அம்மா போன பிறகு இவளைத் தூக்கி வளர்த்தவள் அக்காதான். தன் கல்யாணப் பேச்சை ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போட்டு, கடைசியில் அந்தப் பேச்சே நின்றுபோனவள். முக்குக்கடையில் ஒரு தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு இவளைப் படிக்கவைத்தாள், வேலைக்கு அனுப்பினாள், கட்டிக்கொடுத்தாள். அதற்கப்புறமும் தங்கையோடும் தங்கை கணவரோடும் ஒரே வீட்டில்தான் இருந்தாள், அதட்டிக்கொண்டே. "ஏ அதிகாரி, ஊர் உலகத்தையெல்லாம் குறை சொல்றது இருக்கட்டும். முதல்ல துவைச்ச துணியை மடிச்சு வை" என்பாள். குதிகால் விஷயத்தைக் கேள்விப்பட்டபோது அவள் சிரித்த சிரிப்புக்கு அளவே இல்லை. மெஷின் மிதித்து மிதித்து அக்காவின் குதிகால் வயல் மாதிரி வெடித்துக் கிடக்கும். "என் காலைப் பார்த்தா உன் வீட்டுக்குத்தான் முதல்ல பூட்டு போடணும்" என்று காலை நீட்டிக் காட்டினாள்.

அந்த அக்கா ஒரு நாள் காலை மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். பக்கவாதம். வலது கை கால் போனது, பேச்சும் போனது. ஆஸ்பத்திரியில் செய்வதைச் செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தங்கையும் அவள் கணவரும் மாறி மாறி விடுப்பு எடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். விடுப்பு தீர்ந்தது, கணவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, சம்பளத்துக்கு வைத்த பெண் ஒரு வாரத்தில் ஓடிப்போனாள். எவ்வளவோ யோசித்தும் வேறு வழி தெரியவில்லை. அவள் மனசு ஒப்பவில்லை, கணவர்தான் எடுத்துச் சொன்னார்.

"நீயே பார்த்துப் பார்த்து மார்க் போட்ட இடம் இருக்கே. அதுல விடுறதுக்கு என்ன யோசனை?"

அவரைக் குறை சொல்ல முடியாது. அவளுக்குத் தெரிந்த இல்லங்களிலேயே குதிகாலில் முழு மதிப்பெண் வாங்கிய இல்லம் ஒன்று இருந்தது. வருஷா வருஷம் அதுதான் முதல். மரங்கள் நிறைந்த தெரு, இரண்டு மாடி, லிஃப்ட், அகலமான ஜன்னல்கள். வரவேற்பறைச் சுவரில் அவள் எழுதிக் கொடுத்த பாராட்டைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதன் நிர்வாகி மொழுமொழுவென்ற முகமும் இஸ்திரி கலையாத சட்டையுமாக, எப்போதும் இரண்டு கையையும் கோத்துக்கொண்டே பேசுகிறவர். "உங்க அக்கா எங்களுக்கும் அக்காதான் மேடம்" என்றார்.

அவள் அதை வெட்டிப் பேசினாள். முழுக் கட்டணமும் கட்டுவதாகச் சொன்னாள். சொந்தக்காரர் இருக்கும் இடத்தை இனித் தான் ஆய்வு செய்யப்போவதில்லை, தன்னிடம் வேலை பழகிய இளைய அதிகாரிதான் வருவார் என்றும் சொன்னாள். கடைசியாக ஒன்று சொன்னாள்.

"தனிக் கவனிப்பு எதுவும் வேண்டாம். எல்லாருக்கும் எப்படியோ, அப்படியே பாருங்க. அது போதும்."

அந்தப் பேச்சை அவர்கள் தட்டவில்லை. எல்லோருக்கும் எப்படியோ, அப்படியேதான் அக்காவையும் பார்த்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்வையாளர் நேரம். முதல் ஞாயிறு போனபோது, பழக்கம் விடுமா, கால்மாட்டுக்குத்தான் போனாள். போர்வையைத் தூக்கினாள். கணுக்காலுக்குக் கீழே மெத்தென்று ஒரு தலையணை கொடுத்து, குதிகால் இரண்டும் எதிலும் படாமல் அந்தரத்தில் நின்றன. எண்ணெய் தடவியிருந்தார்கள். அடுத்தடுத்த ஞாயிறுகளில் வெடிப்புகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தன. அக்காவின் காலை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. ஒல்லியான ஆயா ஒருத்தி இளஞ்சூட்டுத் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்து, எண்ணெய் பூசி, தலையணையைச் சரி பார்ப்பதைக் கண்ணால் பார்த்தாள். வீட்டுக்குப் போய்க் கணவரிடம், நல்ல வேளை, அங்கே விட்டோம் என்றாள்.

ஆனாலும் ஏதோ ஒன்று நெருடிக்கொண்டே இருந்தது. அது என்ன என்று பிடிபடவில்லை. அதிகாரியாக அவள் எந்த வார்டிலும் உட்கார்ந்ததே இல்லை. நுழைவாள், பார்ப்பாள், போவாள். இப்போது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. சும்மா உட்கார்ந்தால் வார்டு வேறு மாதிரி தெரிந்தது. டி.வி. சத்தமில்லாமல் ஓடியது. மின்விசிறி கிறீச்சிட்டது. நீளமான அறையில் இரண்டு பக்கமும் பெண்கள் மல்லாந்து படுத்திருந்தார்கள், எல்லோருடைய கால்களும் தலையணை மேல், விரல்கள் கூரையைப் பார்த்தபடி. நேரம் போய்க்கொண்டே இருந்தது, ஒருவரும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திரும்பவில்லை. எலுமிச்சை வாசனை போட்ட ஸ்பிரே வேறு அடிக்கடி அடித்தார்கள். ஒவ்வொரு வாரமும் அந்த வாசனை கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது.

இன்னொன்றும் நடந்தது. அக்காவின் இடது கையில் மட்டும் உயிர் இருந்தது. தங்கை பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தக் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடிக்கும். பிடித்து இழுக்கும். தன் இடுப்புப் பக்கமாக, போர்வைக்கு உள்ளே இழுக்கும். மெஷினில் துணியை இழுத்துப் பிடித்த கை, இழுப்பில் நல்ல வலு. தங்கைக்குக் கண் கலங்கிவிடும். பாசத்தில் பிடிக்கிறாள் என்று நினைத்தாள். குளிருகிறது போல என்றும் நினைத்தாள். "இங்கதான் இருக்கேன்க்கா" என்று சொல்லி, அந்தக் கையை மெல்ல விடுவித்துப் போர்வைக்குள் வைத்து, போர்வையை இடுப்பைச் சுற்றி நன்றாகச் செருகிவிடுவாள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருப்பாள். மறுபடி கை வரும். மறுபடி செருகுவாள்.

ஒரு வாரம் அக்கா சாப்பிடவில்லை என்றார்கள். அடுத்த வாரம் கை வந்தது, ஆனால் இழுப்பில் வலு இல்லை. பிறகு ஒரு புதன்கிழமை நிர்வாகியிடமிருந்து போன் வந்தது. லேசான காய்ச்சல், பயப்பட ஒன்றுமில்லை, டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், சும்மா தகவலுக்காகச் சொன்னோம் என்றார். அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் பதறிப் போய் இறங்கினாள்.

வார்டுக்குள் எலுமிச்சை வாசனை மூக்கைத் துளைத்தது. அதற்குக் கீழே இன்னொரு வாசனை இருந்தது. அது அவளுக்குத் தெரியாத வாசனை அல்ல, வேலையில் எத்தனையோ இடத்தில் முகர்ந்ததுதான். இங்கே எங்கிருந்து வரும் என்று நினைத்தாள். கால்மாட்டுக்குப் போனாள், போர்வையைத் தூக்கினாள். இரண்டு குதிகால்களும் பச்சைப் பிள்ளையின் குதிகால் மாதிரி ரோஜா நிறத்தில் இருந்தன. விரலால் அழுத்தினாள், நிறம் உடனே திரும்பியது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். இதை நினைத்துத்தான் பின்னால் அவள் சுவரில் முட்டிக்கொண்டாள். அக்கா நெருப்பாகக் கொதித்துக்கொண்டிருக்க, அவள் குதிகாலைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அக்காவுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கலாம் என்று டம்ளரை எடுத்தாள். டம்ளர் சரிந்து தண்ணீர் மொத்தமும் படுக்கையில் கொட்டிவிட்டது. ஒல்லி ஆயா ஓடி வந்தாள். விரிப்பை மாற்ற வேண்டும். ஆனால் அவள் விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாளே தவிர, மாற்றவில்லை.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க மேடம். நாங்க பார்த்துக்கறோம்."

"பரவாயில்ல. நானும் பிடிக்கறேன்."

"இல்ல மேடம், மேட்ரன் வந்துடட்டும்."

ஆயாவின் முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்த்ததுமே குதிகால் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அக்காவின் தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் கை கொடுத்துத் தன் பக்கமாகத் திருப்பினாள். அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பேச்சு போன பிறகு அவளிடமிருந்து வந்த பெரிய சத்தம் அதுதான்.

இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில், வெள்ளைவெளேர் என்று ஒரு பஞ்சுப் பட்டை ஒட்டியிருந்தது. ஓரமெல்லாம் ஒழுங்காக, பிசிறில்லாமல் ஒட்டியிருந்தார்கள். அவள் அதைப் பிரித்தாள். உள்ளே ஒரு கை போகும் அளவுக்குக் குழி. ஓரம் கறுத்து, நடுவில் வெளுத்து, ஆழத்தில் எலும்பு தெரிந்தது. அந்த வாசனை இப்போது எலுமிச்சையை ஒரே அடியில் தள்ளிவிட்டு எழுந்தது. இது நேற்று முந்தாநாள் வந்ததல்ல, எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளைத் தாண்டி வந்தது. அக்காவின் கை எங்கே இழுத்தது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்த இடத்தின் மேல்தான் அவள் வாரா வாரம் போர்வையைச் செருகிவிட்டுப் போயிருக்கிறாள்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டுக் காத்திருந்தாள். ஒல்லி ஆயா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். குதிகால் அம்மா அவளைத் திட்டத்தான் நினைத்தாள். ஏன் திருப்பிப் படுக்கவைக்கவில்லை என்று மட்டும் கேட்டாள்.

"திருப்பினா தலையணை நழுவிடும் மேடம். குதிகால் மெத்தைல பட்டுடும். குதிகால்ல லேசா ஒரு சிவப்பு வந்தாலும் எங்க வேலை போயிடும். மல்லாக்க இருந்தாத்தான் குதிகால் நிக்கும்."

"முதுகைப் பார்க்க மாட்டீங்களா?"

"முதுகை யாரும் கேட்டதில்ல மேடம்."

அவள் அதைத் திமிராகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மறைக்காமல் பதில் சொன்னாள், அவ்வளவுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க கிளாஸ்ல நான் முதல் வரிசைலதான் உட்கார்ந்திருந்தேன்" என்றாள்.

குதிகால் அம்மாவுக்கு அந்த வகுப்பு நினைவுக்கு வந்தது. நோயாளியை அடிக்கடி திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்று அவளும் சொல்லத்தான் சொன்னாள். ஒரு வரி. போகிற போக்கில். மீதி நேரமெல்லாம் குதிகாலைப் பற்றிப் பேசினாள், படம் காட்டினாள், சிரிக்கவைத்தாள். காலைத் தூக்கி வைத்து மல்லாக்கவே போட்டால் உடம்பின் பாரம் முழுக்க எங்கே போய் இறங்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் மதிப்பெண் குதிகாலில் இருந்தது. மொத்த மாடிக்கும் இரண்டே ஆயாக்கள், அந்த இரண்டு பேருடைய நேரமும் குதிகாலுக்கே சரியாகப் போனது.

எழுந்து பக்கத்துக் கட்டிலுக்குப் போனாள். அங்கே படுத்திருந்த பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு இடுப்புக்கு அடியில் கையை விட்டாள். பஞ்சுப் பட்டை விரலில் பட்டது. அதற்கடுத்த கட்டிலிலும் பட்டது. அதற்கப்புறம் கையை விட அவளுக்குத் தைரியம் வரவில்லை. வரிசை நீளமாக இருந்தது. எல்லோருடைய குதிகால்களும் சுத்தமாக, சிவப்பில்லாமல், அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். புண் எலும்புவரை போயிருக்கிறது, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது, முயற்சி செய்கிறோம் என்றார். படுக்கையிலேயே கிடந்தவருக்குக் கால் மட்டும் எப்படி இவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அவருக்கு ஆச்சரியம். அவளிடமே கேட்டார்.

அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள். ஏன்க்கா சொல்லலை என்று வாய்வரை வந்துவிட்டது. சொல்லாமலா இருந்தாள்? ஒரே ஒரு கையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எப்படியெல்லாம் சொல்ல முடியுமோ அப்படியெல்லாம் சொன்னாள். கேட்க வந்தவள்தான் அதிகாரி. அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அது இப்போது எங்கேயும் இழுக்கவில்லை. சில நாள் அப்படியே கிடந்து அக்கா போய்ச் சேர்ந்தாள். உடம்பைத் துடைத்து உடை மாற்றும்போது கால்களைத் தங்கைதான் துடைத்தாள். வாழ்நாள் முழுக்க மெஷின் மிதித்த தடம் ஒன்றுகூட இல்லை. யாரோ முன்பின் தெரியாதவளின் கால்களைத் துடைப்பது போல இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் நமக்குத்தான் வயிறு எரியும். அவள் புகார் எழுதினாள். தான் போட்ட மதிப்பெண்கள் அத்தனையும் தப்பு என்றும் எழுதினாள். மேலதிகாரி அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார். இல்லத்தை மூடினால் இத்தனை பேரை எங்கே கொண்டு போய் வைப்பது என்று அவளையே திருப்பிக் கேட்டார். இளைய அதிகாரி போய்ப் பார்த்து வந்தார். ஆயாக்களை மேற்பார்வை பார்த்த மேட்ரன் வேலையை விட்டுப் போனார், நிர்வாகிக்குக் கடுமையான எச்சரிக்கை வந்தது, அவர் அதே கோத்த கைகளோடு வருத்தம் தெரிவித்தார். சுவரில் இருந்த பாராட்டை மட்டும் கழற்றினார்களாம்.

சுற்றறிக்கையைத் திருத்துகிற வேலை அவளிடமே வந்தது. அழுது வீங்கிய கண்ணோடு உட்கார்ந்து எழுதினாள். முதுகு, இடுப்பு, பிட்டம் ஆகிய இடங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், இனி மதிப்பெண்ணில் பாதி அதற்குத்தான். அக்காவுக்குச் செய்ய முடிந்த கடைசி நல்ல காரியம் இது என்று நினைத்தாள். ஒவ்வொரு இல்லத்துக்கும் அது போய்ச் சேர்ந்தது.

மறுபடி ஆய்வுக்குக் கிளம்பிய முதல் நாள், ஊரின் இன்னொரு கோடியில் உள்ள ஓர் இல்லத்துக்குப் போனாள். சொல்லாமல்தான் போனாள். ஆனால் வாசலில் அவள் தலை தெரிந்ததுமே உள்ளே தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது. அந்த இல்லத்து மேட்ரன் பருமனான, மரியாதை தெரிந்த அம்மாள். அக்கா போன செய்தி இங்கேயும் வந்திருந்தது. கையைப் பிடித்து வருத்தம் சொல்லிவிட்டு ஆண்கள் வார்டுக்குக் கூட்டிப்போனார்.

குதிகால் அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

இரண்டு பக்கமும் கட்டில்கள். எல்லாக் கட்டில்களிலும் கிழவர்கள் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார்கள். ஒரு முகம்கூட இந்தப் பக்கம் இல்லை. எல்லோருடைய முதுகும் நடைபாதையைப் பார்த்து இருந்தது. சட்டையைத் தூக்கி, இடுப்புத் துணியை இறக்கி, போர்வையை மடித்து, பார்ப்பதற்கு வசதியாகத் தயார் செய்து வைத்திருந்தார்கள். எல்லா முதுகிலும் பவுடர். ஒன்றில்கூட ஒரு கீறல் இல்லை, ஒரு சிவப்பு இல்லை. முதுகுகள் மட்டும் வரிசையாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

"சுற்றறிக்கை வந்த அன்னைக்கே ஆரம்பிச்சுட்டோம் மேடம்" என்றார் மேட்ரன். "எல்லாருக்கும் முதுகு சுத்தமா இருக்கு. நீங்களே பாருங்க."

அவள் பார்க்கவில்லை. முதல் கட்டிலைச் சுற்றிக்கொண்டு சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் உள்ள சந்துக்குப் போனாள். அங்கே ஆள் நிற்கவே இடமில்லை. பக்கவாட்டில் நுழைந்து, உடம்பை நெருக்கி, குனிந்து நின்றாள். யாரும் நுழையாத சந்து என்று தரையில் படிந்த தூசி சொன்னது. மேட்ரனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எதைப் பார்க்கணும் மேடம்? சொல்லுங்க. சொன்னா நாளைக்கே சரி பண்ணிடுவோம்."

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. எதைச் சொன்னாலும் அது மட்டும்தான் நாளைக்குச் சுத்தமாக இருக்கும் என்று அவளுக்கு இப்போது தெரியும். கிழவரின் முகத்தைப் பார்த்தாள். கண்கள் திறந்திருந்தன. பக்கத்தில் ஓர் ஆள் வந்து நிற்பதை அவர் நம்ப முடியாமல் பார்த்தார். பிறகு அவருடைய கை போர்வைக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்து இழுத்தது.

இந்தத் தடவை அவள் கையை விடுவிக்கவில்லை. அது இழுத்த இழுப்புக்குத் தன் கையைக் கொடுத்தாள். அது அவள் விரல்களை மேலே கொண்டுபோய்த் தன் உதட்டின் மேல் வைத்தது. உதடு காய்ந்து பிளந்திருந்தது. உள்ளே நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக் கிடந்தது. அவருக்குத் தண்ணீர் கொடுத்து எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அடுத்த கட்டிலை எட்டிப் பார்த்தாள். அங்கேயும் ஒரு வாய் திறந்தபடி சுவரைப் பார்த்துக் கிடந்தது.

அவளுக்குப் பின்னால் மேட்ரன் ஆயாவிடம் தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது.

"வாயைப் பார்க்கறாங்க."